வியாழக்கிழமை வராமல் இருக்கக் கூடாது

1994 ஜூன் மாதம், பள்ளி திறந்த இரண்டாவது வாரம், தர்மாம்பாள் ஒரு தாக்லா எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

தாக்லா என்பது மராட்டிச் சொல். பள்ளியை விட்டுப் போகும் பிள்ளைக்குக் கொடுக்கிற சான்றிதழ், தமிழ்நாட்டில் டி.சி. என்பார்களே, அது. அதை எழுதிக் கொடுப்பதுதான் தர்மாம்பாளின் வேலை. புணேயில், கட்கி ரயில் பாதையை ஒட்டியிருந்த அந்தப் பள்ளிக்கு நீளமான பெயர் ஒன்று உண்டு. தமிழர்கள் கூடி ஆரம்பித்த டிரஸ்ட் நடத்தியதால் ஊரில் மதராசி ஸ்கூல் என்றே சொல்வார்கள். படித்த பிள்ளைகளில் பாதிக்கு மேல் மராட்டிக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். அவள் அங்கே பதினோரு வருஷமாக ஆபீஸ் கிளார்க்.

அன்று வியாழக்கிழமை. போசரி தொழிற்பேட்டைக்கு வார விடுமுறை ஞாயிறு இல்லை, வியாழன். நான் அங்கே வால்வு செய்யும் கம்பெனி ஒன்றில் டைப்பிஸ்டாக இருந்தேன். விஷ்ராந்த்வாடியில் அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். அக்கா பையன் பத்ரிக்கு ஐந்தாவதில் இடம் இருக்கிறதா என்று கேட்கத்தான் அந்த ஆபீஸ் ஜன்னலுக்குப் போயிருந்தேன். எனக்கு முன்னால் ஷிந்தே என்பவர் நின்றார். அவருக்கும் போசரிதான், லாரிகளில் சரக்கு ஏற்றி இறக்குகிறவர். எட்டாவது போயிருந்த மகள் உஜ்வலாவைப் படிப்பிலிருந்து நிறுத்தப் போவதாகச் சொன்னார்.

தர்மாம்பாள் பாரத்தை எடுத்தாள். பெயர், பிறந்த தேதி எல்லாம் எழுதினாள். கடைசியில் ‘பள்ளியை விட்டு விலகும் காரணம்’ என்று ஒரு கட்டம்.

“காரணம் என்ன போடட்டும்?” என்று மராட்டியில் கேட்டாள்.

“எப்போதும் போடுவீர்களே, அதையே போடுங்கள்” என்றார் ஷிந்தே.

எப்போதும் போடுவது ‘பெற்றோர் கேட்டுக்கொண்டதால்’. பதினோரு வருஷமாக அவள் அந்த ஒரே வரியைத்தான் எழுதிவந்தாள். அன்று பேனாவை மூடி வைத்துவிட்டாள்.

“எழுத மாட்டேன். திங்கட்கிழமை வாருங்கள்.”

ஷிந்தேவுக்குக் கோபம் வந்துவிட்டது. என் மகள், என் இஷ்டம், நீ யார் என்று கத்தினார். சத்தம் கேட்டுத் தலைமையாசிரியை பேடேகர் மேடம் வெளியே வந்தார். தர்மாம்பாள் பதறவில்லை. நூலக லெட்ஜரைத் திறந்து ஒரு வரியில் விரலை வைத்தாள். “இந்தப் பெண் கோட்டைகளைப் பற்றிய புத்தகம் ஒன்றை எடுத்துப் போய் இன்னும் திருப்பவில்லை. புத்தகம் வராமல் தாக்லா கொடுக்கக் கூடாது. ரூல்.”

ஷிந்தே திட்டிக்கொண்டே போனார். என் முறை வந்தது. பத்ரியைப் பற்றிக் கேட்டேன். அவள் லெட்ஜரை மூடிக்கொண்டிருந்தாள். என் தமிழைக் கேட்டதும் நிமிர்ந்து பார்த்து, “நீ எங்க வேலை செய்யிற?” என்றாள். போசரி என்றேன்.

“அப்ப வியாழக்கிழமை லீவுதானே உனக்கு?”

“ஆமா.”

“வூட்ல இன்னா பண்ணுவ?”

துணி துவைப்பேன், தூங்குவேன் என்றேன். ஒரு காகிதத்தில் என் பெயரை எழுதிக்கொண்டாள். எதற்கு என்று சொல்லவில்லை. பத்ரிக்கு இடம் இருப்பதாக மட்டும் சொன்னாள்.

அவளுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. அப்பா ஆரணிப் பக்கத்திலிருந்து வந்து வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தவர். அவள் பிறந்தது வளர்ந்தது எல்லாம் கட்கி. வீட்டில் வடாற்காட்டுத் தமிழ், தெருவில் மராட்டி, ரேஷன் கடையில் இந்தி. கணவர் சின்னதுரை போசரியில் டர்னர். ஒரே மகள் அப்போது கல்லூரியில். ஆள் குள்ளம். குரல் மட்டும் பிளாட்பாரம் தாண்டிக் கேட்கும்.

மறுநாள் உஜ்வலாவை ஆபீசுக்கு அழைத்து விசாரித்திருக்கிறாள். பள்ளிக்கூடம் பிடிக்கவில்லையா என்று கேட்டதற்கு அந்தப் பெண், “பிடிக்கும் பிடிக்காது என்றெல்லாம் இல்லை. நான் வராவிட்டால் யாருக்கும் தெரியாது” என்றாளாம். மார்ச் மாதம் ஒன்பது நாள் வரவில்லை, யாரும் கேட்கவில்லை என்றாளாம்.

வேறு யாராவது என்றால் ஐயோ பாவம் என்று விட்டிருப்பார்கள். தர்மாம்பாள் கிளார்க். வருகைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தாள். அந்த ஒன்பது நாளும் உஜ்வலாவுக்கு ‘வந்தாள்’ என்றே குறித்திருந்தது. அறுபத்திரண்டு பேர் இருக்கிற வகுப்பு. ஆசிரியர் மேலிருந்து கீழாக ஒரே கோடாக இழுத்துவிட்டிருந்தார்.

பழைய பதிவேடுகளையும் எடுத்து எண்ண ஆரம்பித்தாள். ஒரு வருஷத்தில் ஐந்தாவது சேர்ந்தவர்கள் எழுபத்தொரு பேர். அதே பிள்ளைகளில் பத்தாவது பரீட்சை எழுதியவர்கள் இருபத்தொன்பது பேர். நடுவில் போன நாற்பத்திரண்டு தாக்லாவும் அவள் கையெழுத்தில் இருந்தன. அந்தப் பதிவேடுகளைத் தூக்கிக்கொண்டு பேடேகர் மேடத்தின் அறைக்குப் போனாள்.

“ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர். வாரம் ஒரு மணி நேரம். இங்கேயே, பள்ளிக்குள்ளேயே. அந்தப் பிள்ளையைப் பார்ப்பதற்கென்றே ஒருவர் வர வேண்டும்.”

“வந்து என்ன சொல்லித் தருவார்கள்?”

“ஒன்றும் இல்லை.”

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். “நீ கிளார்க், தர்மா. இது ஆசிரியர்கள் யோசிக்க வேண்டிய விஷயம்.”

“யோசிக்கட்டும் மேடம். அவர்கள் யோசித்து முடிக்கும்வரை எனக்கு ஓர் அறை கொடுங்கள்.”

அப்புறம் தன் கதையைச் சொல்லியிருக்கிறாள். அவளை அவள் அப்பா ஒன்பதாவதோடு நிறுத்தினார். அப்போதிருந்த கிளார்க் இரண்டு நிமிஷத்தில் தாக்லா எழுதிக் கொடுத்தார். தலையைத் தூக்கி எதிரே நிற்கிற பெண்ணைப் பார்க்கக்கூட இல்லை. கல்யாணமாகி, குழந்தை பெற்று, இருபத்து நாலு வயதில் தனியாக எழுதி மெட்ரிக் தேறினாள். “அந்தக் கிளார்க்கை நான் பல வருஷம் திட்டியிருக்கிறேன். அப்புறம் அதே நாற்காலியில் உட்கார்ந்து அதையே நானும் செய்தேன். இனிமேல் செய்ய மாட்டேன். வேலையை விட்டு எடுப்பதானால் எடுத்துவிடுங்கள்.”

மேடம் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். ஓவிய அறையை டிசம்பர் வரை எடுத்துக்கொள்ளலாம் என்றார். இடைவேளை அரை மணி, அதற்கடுத்த ஓவிய வகுப்பில் அரை மணி. “நான் எதுவும் கேட்கவில்லை, நீ எதுவும் சொல்லவில்லை” என்றார்.

திங்கட்கிழமை ஷிந்தே புத்தகத்தோடு வந்தார். தர்மாம்பாள் அவரிடம், “டிசம்பர்வரை விடுங்கள். அப்போதும் வேண்டுமென்றால் நானே தாக்லாவை எழுதி உங்கள் வீட்டில் கொண்டுவந்து கொடுக்கிறேன்” என்றாள். அவர் வாய்க்குள் முணுமுணுத்தபடி போனார். டிசம்பரில் அவர் வரவில்லை. அவளும் ஞாபகப்படுத்தவில்லை.

ஜூலை முதல் வியாழக்கிழமை ஓவிய அறையில் நாங்கள் ஐந்து பேர் இருந்தோம். சின்னதுரை, அவருடைய சிநேகிதர் முகமது இஸ்மாயில், இஸ்மாயிலோடு கிரைண்டிங் பிரிவில் வேலை பார்த்த இரண்டு மராட்டிக்காரர்கள், நான். எல்லோரும் போசரி. எல்லோரையும் அவள் இப்படித்தான், லீவு நாளில் என்ன செய்கிறாய் என்று கேட்டுப் பிடித்திருந்தாள்.

“பாடம் சொல்லித் தர வேணாம். அதுக்கு டீச்சருங்க சம்பளம் வாங்கறாங்க” என்றாள். “மிட்டாய், பேனா எதுவும் வாங்கிட்டு வராதீங்க. புத்தி சொல்லாதீங்க. வியாழக்கிழமை வராம இருக்கக் கூடாது. அவ்ளோதான்.”

ஒரு பதிவேட்டை மேஜைமேல் வைத்தாள். பெரியவர்களுக்கான வருகைப் பதிவேடு. ஒவ்வொரு வாரமும் எங்கள் பெயரைக் கூப்பிட்டுக் குறித்துக்கொண்டாள்.

எனக்கு உஜ்வலா. நாலு வாரம் அவள் வாயே திறக்கவில்லை. நான் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் தரையைப் பார்த்தாள். எனக்கோ மராட்டி அரைகுறை. ஒரு மணி நேரம் அவ்வளவு நீளம் என்று எனக்கு அதுவரை தெரியாது. ஐந்தாவது வாரம் ஒரு பொட்டலம் வேகவைத்த வேர்க்கடலையோடு வந்தாள். என் எதிரே உட்கார்ந்து ஒவ்வொன்றாக உரித்து முழுவதையும் அவளே தின்றாள். எனக்கு ஒன்றுகூடத் தரவில்லை. தின்று முடித்துவிட்டு, “போசரிக்கு நீங்கள் தனியாகவா பஸ்ஸில் போகிறீர்கள்? யாரிடம் கேட்டுக்கொண்டு போவீர்கள்?” என்றாள். யாரிடமும் கேட்பதில்லை என்றேன். அன்று மணி அடித்தும் அவள் எழுந்திருக்கவில்லை.

இஸ்மாயிலுக்கு வாய்த்தவன் அபினவ் என்ற ஒன்பதாம் வகுப்புப் பையன். ஓவிய அறைக்கே வர மாட்டேன் என்றுவிட்டான். இஸ்மாயில் அவனுக்காக ஒரு நாற்காலியைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்திருப்பார். எட்டு வாரம் அப்படி. ஒன்பதாவது வாரம் பையன் கதவருகே வந்து நின்று, “ஏன் இன்னும் வர்றீங்க?” என்று தமிழும் இந்தியுமாகக் கத்தினான்.

“வியாழக்கிழமை ஆச்சே” என்றார் இஸ்மாயில்.

பையன் உள்ளே வந்து உட்கார்ந்தான்.

சின்னதுரையின் கதை வேறு. ஒரு வியாழக்கிழமை டி.வி.யில் கிரிக்கெட். கால் வலி என்று சொல்லி வீட்டில் படுத்துவிட்டார். அவருக்கான பையன் விச்சு, ஏழாவது, மணி அடிக்கும்வரை கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். மறுநாள் காலை தர்மாம்பாள் கணவரை முதல் ஷிப்டுக்குப் போக விடவில்லை. பள்ளிக்கு இழுத்து வந்து பிரேயர் முடிந்ததும் விச்சு முன்னால் நிறுத்தினாள்.

“சொல்லுங்க.”

“இன்னாடி இது, சின்னப் பையன்கிட்ட...”

“சொல்லுங்கன்னேன்.”

“நேத்து வரல, தப்புதான்” என்றார் சின்னதுரை. விச்சு, “மேட்ச் யார் ஜெயிச்சா அங்கிள்?” என்றான். அதற்குப் பிறகு சின்னதுரை இத்தனை வருஷத்தில் இரண்டே இரண்டு வியாழன்தான் வரவில்லை. ஒன்று அவருடைய அம்மா செத்த அன்று.

எல்லாப் பிள்ளைகளும் தங்கிவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. முதல் வருஷமே மூன்று பேருக்குத் தாக்லா கேட்டு வந்தார்கள். பேசிப் பார்த்தும் பயனில்லை. சரி, எழுதுகிறேன் என்று உட்கார்ந்தாள். காரணம் எழுதும் கட்டத்தில் வழக்கமான வரி வரவில்லை. ‘வீட்டு வேலைக்கு அனுப்பப்படுவதால்’ என்று ஒருத்திக்கு எழுதினாள். ‘அண்ணன் படிப்பதற்காக நிறுத்தப்படுவதால்’ என்று இன்னொருத்திக்கு. மூன்றாவது பையனுக்கு ‘மாமாவின் டீக்கடையில் வேலை செய்ய.’ பேடேகர் மேடம் கையெழுத்துப் போடும்போது அதிர்ந்து போனார். பெற்றோர் வந்து மாற்றச் சொல்லிக் கெஞ்சினார்கள், மிரட்டினார்கள்.

“எது பொய்யின்னு சொல்லுங்க, அடிச்சிடறேன்” என்றாள்.

ஒருவர் அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, மகளைத் திரும்ப வகுப்பில் கொண்டுவந்து உட்கார வைத்தார். மற்ற இருவரும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அந்த இரண்டு பிள்ளைகளை அதற்குப் பிறகு நாங்கள் பார்க்கவில்லை.

உஜ்வலா பத்தாவதில் ஒரு தடவை தோற்று, அடுத்த தடவை தேறினாள். பிம்ப்ரியில் ஒரு கூரியர் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தாள். எனக்கு இன்னொரு பெண் வந்தாள், அவளுக்கப்புறம் இன்னொருத்தி. இதற்குள் எனக்குக் கல்யாணம் ஆனது. நல்லவேளை, மாப்பிள்ளைக்கும் வியாழக்கிழமைதான் லீவு. 2003 வந்தபோது ஓவிய அறையில் முப்பத்தொரு பிள்ளைகள், முப்பத்தொரு பெரியவர்கள். எங்களுக்கு ஒரு பெயர்கூட இருக்கவில்லை. யாராவது கேட்டால் ‘வியாழக்கிழமை’ என்போம்.

அதற்கு இரண்டு வருஷம் முன்னால் டிரஸ்டின் செயலாளராக வந்தவர் சந்திரமௌலி. பாதுகாப்புத் துறைக் கணக்கு ஆபீசில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கட்டடத்துக்குச் சுண்ணாம்பு அடித்தார், கழிப்பறைகளைக் கட்டினார். பள்ளி பெரிதாக வேண்டும் என்று ஆசைப்பட்டார். புணேயில் அப்போது ஐ.டி. கம்பெனிகள் முளைத்துக்கொண்டிருந்தன. அவற்றில் ஒன்று அவரிடம் வந்தது.

தர்மாம்பாளைக் கூப்பிட்டு அனுப்பினார். அவள் என்னையும் கூட்டிக்கொண்டு போனாள்.

“உக்காரும்மா. நல்ல சேதி. அறுபது பேர் வரா, எல்லாரும் இன்ஜினியர்கள். பசங்களோட ஒக்காந்து பேசப் போறா. பள்ளிக்கூடத்துக்கு இருபது கம்ப்யூட்டர் தரேங்கறா. நீ பண்ண வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். உன் வியாழக்கிழமைப் பசங்க லிஸ்ட். ஒவ்வொரு பேருக்கும் பக்கத்துல வீட்ல என்ன கஷ்டம்னு ரெண்டு வரி.”

“ரெண்டு வரி எதுக்கு சார்?”

“சின்னதா ஒரு புஸ்தகம் போடறா. போட்டோவோட.”

“அந்த அறுபது பேரும் எத்தினி நாளைக்கு வருவாங்க?”

“ஒரு நாள். அன்னிக்கு டி-ஷர்ட், சாப்பாடு எல்லாம் அவாளே பாத்துக்கறா.”

“அப்ப வேணாம் சார்.”

சந்திரமௌலி காதில் சரியாக விழாதவர் போலக் குனிந்தார். “என்னது?”

“ஒரு நாள் வந்துட்டுப் போறவங்க வேணாம். லிஸ்ட்டும் குடுக்க மாட்டேன்.”

“வேணாம்னு சொல்றதுக்கு நீ யாரு? கிளார்க்கும்மா நீ.”

“ஆமா சார், கிளார்க்குதான். அதனாலதான் எந்தப் புள்ளை வூட்ல இன்னா நடக்குதுன்னு எனக்குத் தெரியும். நோட்டீசு அடிக்கறதுக்கா அதுங்க எங்கிட்ட சொல்லிச்சிங்க?”

“இருபது கம்ப்யூட்டர்! புரியறதா உனக்கு?”

“புரியுது. கம்ப்யூட்டர் வேணும்னா வாங்கிக்குங்க சார். புள்ளைங்களக் காட்டி வாங்காதீங்க.”

அவள் எழுந்து வணக்கம் சொல்லிவிட்டு வெளியே வந்தாள். படியிறங்கும்போது முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். அவளுக்கும் பயம்தான் என்று அப்போது தெரிந்தது.

பட்டியல் இல்லை என்றதும் கம்பெனி வேறு பள்ளிக்குப் போய்விட்டது. கம்ப்யூட்டர்களும் போயின. ஒரே வாரத்தில் இரண்டு உத்தரவுகள் வந்தன. தர்மாம்பாளை ஆபீசிலிருந்து மாற்றி, பின்கட்டில் இருந்த புத்தகக் கிடங்குக்குப் போட்டார்கள். வெளியாட்கள் யாரும் பள்ளிக்குள் வரக் கூடாது என்று வாசலில் சுற்றறிக்கை ஒட்டினார்கள். அந்த வியாழக்கிழமை காவலாளி எங்களைக் கேட்டில் நிறுத்திவிட்டார். உள்ளே ஓவிய அறை ஜன்னலில் பிள்ளைகளின் முகங்கள் தெரிந்தன. இஸ்மாயில் மணி அடிக்கும்வரை கேட்டின் வெளியே நின்றார். நாங்களும் நின்றோம்.

மறுநாள் சாயங்காலம் தர்மாம்பாள் என் வீட்டுக்கு வந்தாள். கையில் பள்ளியின் விதிமுறைக் கையேடு. வியாழக்கிழமை போசரிக்கு விடுமுறை என்பதால் பெற்றோர் பிள்ளைகளைப் பள்ளியில் சந்திக்க அன்றுதான் நேரம் ஒதுக்கியிருந்தார்கள். பதினேழாவது விதி: பெற்றோரோ, பெற்றோர் எழுத்தில் குறிப்பிடும் பாதுகாவலரோ வியாழக்கிழமை இடைவேளையில் மாணவரைச் சந்திக்கலாம்.

“எழுத்தில் குறிப்பிடும் பாதுகாவலர்” என்று இரண்டு தடவை வாசித்தாள். “கிரிஜா, உங்க ஆபீசு டைப்ரைட்டர் இன்னும் வேலை செய்யுதா?”

ஒரு பக்கப் பாரம் ஒன்று அடித்தேன். இன்னாரை என் பிள்ளையின் பாதுகாவலராகக் குறிப்பிடுகிறேன் என்று மராட்டியிலும் இங்கிலீஷிலும். அடுத்த பத்து நாள் அவளும் நானும் வீடு வீடாக ஏறி இறங்கினோம்.

பெரும்பாலானவர்கள் உடனே கையெழுத்துப் போட்டார்கள். ஷிந்தேவின் இளைய மகள் அப்போது ஏழாவதில் இருந்தாள். ஷிந்தே போட மாட்டேன் என்றார். இத்தனை வருஷத்திலும் அவருக்குத் தர்மாம்பாளைப் பிடிக்கவில்லை. அவர் மனைவி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து, “அம்மா கையெழுத்து செல்லாதா?” என்று கேட்டாள். செல்லும் என்றோம். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே போட்டாள்.

தாபோடியில் ஒரு வீட்டில் எங்களை உள்ளே விடவில்லை. அந்தப் பையனின் அம்மா வாசலிலேயே நின்று, “என் பிள்ளை கம்ப்யூட்டரைத் தொட்டிருப்பான். உங்கள் ரோஷத்துக்கு அவன்தான் கிடைத்தானா?” என்று கேட்டாள். தர்மாம்பாள் பாரத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கினாள்.

“அவ கேட்டது நியாயம்தான்” என்றாள் தெருமுனையில்.

“அப்ப விட்டுடலாமாக்கா?” என்றேன். எனக்கும் சோர்வாக இருந்தது.

“இன்னா பேசுற நீ? அடுத்த வூடு எது, பாரு.”

முப்பத்தொன்றில் இருபத்தேழு பாரம் சேர்ந்தது. அடுத்த வியாழக்கிழமை ஒன்றரை மணிக்கு நாங்கள் இருபத்தேழு பேரும் ஆளுக்கொரு காகிதத்தோடு கேட்டில் வரிசையாக நின்றோம். தர்மாம்பாள் கிடங்கிலிருந்து வந்து உள்பக்கம் நின்றாள். காவலாளி முதல் காகிதத்தைப் பார்த்தார், இரண்டாவதைப் பார்த்தார், பிறகு செயலாளரைக் கூப்பிட ஓடினார்.

சந்திரமௌலி வேகமாக வந்தார். நாலைந்து பாரங்களை வாசித்தார். முகம் சிவந்துவிட்டது. “யாரைக் கேட்டுண்டு இதெல்லாம் பண்றே?”

“பதினேழாவது ரூல் சார். நீங்க போன வருஷம் கையெழுத்துப் போட்டதுதான். டைப் பண்ணது மட்டும் நான்.”

“உன் வேலை போயிடும், தெரியுமா?”

“போனா போவட்டும். இப்ப கேட்டைத் தொறக்கச் சொல்லுங்க, இடைவேளை முடிஞ்சிடும். புள்ளைங்க காத்துக்கினு இருக்குதுங்க.”

அவர் காவலாளியைப் பார்த்தார். வரிசையைப் பார்த்தார். திரும்பி நடந்தார். காவலாளி கேட்டைத் திறந்தார். ஓவிய அறைக்குப் பூட்டு போட்டிருந்ததால் நாங்கள் மைதானத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். ஒரு மணி நேரம் அரை மணியாகிவிட்டது. அன்று அந்த அரை மணியில் எவ்வளவு பேசினோம்!

தர்மாம்பாளுக்கு மெமோ வந்தது. கீழ்ப்படியாமை. ஆபீசில் கூட வேலை செய்தவர்கள், “மன்னிப்புன்னு ஒரு வார்த்தை எழுதிடு, எல்லாம் முடிஞ்சிடும்” என்றார்கள். அவள் நாலு வரியில் பதில் எழுதினாள். விதியின் எண்ணையும், பாரங்களின் எண்ணிக்கையையும் எழுதினாள். மன்னிப்பு எழுதவில்லை.

ஆகஸ்டில் டிரஸ்டின் கூட்டம். பேடேகர் மேடம் அந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறவிருந்தார். நான் எதுவும் கேட்கவில்லை என்று ஒன்பது வருஷம் சொல்லிவந்தவர் அன்று எழுந்து நின்று பேசினாராம். ஒரு காலத்தில் எழுபத்தொன்றில் இருபத்தொன்பது பேர் பத்தாவது வரை வந்தார்கள், இந்த வருஷம் அறுபத்தெட்டில் ஐம்பத்திரண்டு பேர் வந்திருக்கிறார்கள், இந்தக் கணக்கு எனக்கு முன்பே தெரியும், ஆசிரியர்களுக்குக் கோபம் வருமே என்று நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்றாராம். டிரஸ்ட் சுற்றறிக்கையைத் திரும்பப் பெறவில்லை. ஆனால் எங்களை மறுபடி யாரும் தடுக்கவுமில்லை. மெமோ அவளுடைய பணிக் கோப்பில் அப்படியே இருக்கிறது. ஜன்னல் இல்லாத அந்தக் கிடங்கில் மூன்று வருஷம் உட்கார்ந்திருந்தாள். அங்கிருந்தே எல்லாவற்றையும் நடத்தினாள். 2006இல் சந்திரமௌலி மகனோடு இருக்கச் சென்னைக்குப் போன பிறகுதான் அவளுக்கு ஆபீஸ் நாற்காலி திரும்பக் கிடைத்தது; எங்களுக்கும் ஓவிய அறை கிடைத்தது.

கிடங்கில் இருந்த காலத்தில் ஒரு நாள் கழுத்தில் அட்டை தொங்க ஒரு பெண் வந்து நின்றாள். பெயர் சுப்ரஜா, கோயமுத்தூர். திருப்பி அனுப்பப்பட்ட அதே கம்பெனியில் வேலை.

“நான் தனியா வந்தா சேர்த்துக்குவீங்களா?”

“வியாழக்கிழமை உனக்கு ஆபீசு இருக்குதே.”

“அரை நாள் லீவு கேட்டுக்கறனுங்க.”

“வருஷம் பூரா?”

சுப்ரஜா தயங்கினாள். “யோசிச்சுச் சொல்றனுங்க.”

“யோசிச்சிட்டு வா. டக்குனு சரின்னு சொல்லியிருந்தீன்னா வேணாம்னு அனுப்பியிருப்பேன்.”

இரண்டு வாரம் கழித்து வந்தாள். பிறகு கூட வேலை செய்த இரண்டு பேரையும் அழைத்து வந்தாள். அவர்களில் ஹரீஷ் என்ற பையன் ஒரு மாதத்தில் நின்றுவிட்டான். போன் செய்தால் எடுக்கவில்லை. தர்மாம்பாள் இரண்டு பஸ் மாறிக் கல்யாணி நகரில் இருந்த அந்தக் கண்ணாடிக் கட்டடத்துக்குப் போனாள். உள்ளே விடவில்லை. வாசலில் நின்றாள். சாயங்காலம் ஆறு மணிக்கு அவன் வெளியே வந்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“வேலை அதிகம் ஆன்ட்டி. இனிமே முடியாது.”

“முடியாதுன்னா சரி. அத எங்கிட்ட சொல்லாத. அந்தப் புள்ளைகிட்ட வந்து நேர்ல சொல்லிட்டுப் போ. இல்லன்னா அது, நாம இன்னா தப்பு பண்ணோம்னே நெனச்சிக்கினு இருக்கும்.”

அடுத்த வியாழக்கிழமை அவன் வந்தான். பையனிடம் ஏதோ பேசினான், போய்விட்டான். பதிவேட்டில் அவன் பெயருக்கு எதிரே ‘சொல்லிவிட்டுப் போனார்’ என்று எழுதினாள்.

2007 ஜூனில் போபோடியில் இருந்த ஒரு முனிசிபல் பள்ளியிலும் ‘வியாழக்கிழமை’ நடத்த அறை கேட்டு அவளும் நானும் போனோம். அங்கே ஏழாவதோடு நின்றுபோகிற பெண்கள் அதிகம் என்று சுப்ரஜா எங்கிருந்தோ கேள்விப்பட்டிருந்தாள். தலைமையாசிரியர் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். டீ கொடுத்தார். இடமில்லை, ஆளில்லை, மேலிடத்து அனுமதி வேண்டும், ஆசிரியர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்றார். எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள், பார்க்கலாம் என்றார்.

“எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன்” என்று தர்மாம்பாள் காகிதத்தை நீட்டினாள். “நீங்கள் பாருங்கள். நான் வெளியே இருக்கிறேன்.”

வராந்தா பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். காலை பதினொன்றரை மணி. மழை வந்தது, சாரல் பட்டதும் பெஞ்சை உள்பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டாள். டிபன் டப்பாவைத் திறந்து எனக்குப் பாதி கொடுத்தாள். தலைமையாசிரியர் மூன்று தடவை கதவு வரை வந்து பார்த்துவிட்டு உள்ளே போனார். பள்ளி விடுகிற நேரத்தில் வெளியே வந்து, மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை இருக்கிறது, மின்விசிறி கிடையாது, பரவாயில்லையா என்று கேட்டார்.

“சாவி யாரிடம் இருக்கிறது?” என்று கேட்டாள் தர்மாம்பாள்.